மத்தியஸ்தனா, சாட்சியா

படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிக்கவே தெரியாது என்றில்லை, மெதுவாகப் படிப்பேன். எதிரில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் அதுவும் வராது. ஆம்பூரில் எங்கள் தெரு மதரஸாவின் மாடியில் குடும்ப வழக்குகளை விசாரிக்கிற ஹஜ்ரத் அன்றைக்கு அப்படித்தான் காத்திருந்தார். இரண்டு பக்கத் தாள். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன், இரண்டு முறை தலையை ஆட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் எனக்குக் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வழக்கு என் அக்கா மகளுடையது. புருஷன் பெண்டாட்டி தகராறு முற்றினால் அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ள வழி. அப்படி உட்காருகிறவருக்கு ஹகம் என்று பெயர். மத்தியஸ்தர். இரண்டு ஹகமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தால் ஹஜ்ரத் அதை எழுதி முத்திரை போடுவார். பெண் பக்கத்துக்கு என்னைப் போட்டார்கள்.

"நீ உள்ள இருக்கும்போது எங்களுக்கு இன்னா கவலை" என்றாள் அக்கா.

எனக்கும் அப்படித்தான் புரிந்தது. நம்ம பக்கத்து ஆள், நம்ம பெண்ணுக்காகப் பேசப் போகிறேன் என்று. வக்கீல் மாதிரி.

அக்கா மகள் கேட்டது ஒன்றே ஒன்று, தனி வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம், மாமியார் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கென்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள், தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் குளியலறைக்குப் போகிற வழி அந்த அறைக்குள்ளேதான். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்னாலிருந்தே கதவைத் தட்டுவார்கள், கொழுந்தன்கள் இரண்டு பேர் உட்பட. "தாழ்ப்பா இருக்கு மாமா, போடத்தான் முடியாது" என்று ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், துணிப்பையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். தனி வீடு எடுத்தால் போகிறேன், இல்லையென்றால் குலா கொடுங்கள், பிரிந்து விடுகிறேன் என்றாள். பிரிய அவளுக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் போன் வந்தால் அவள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அவனும் நானும் ஒரே ஷூ கம்பெனி. நான் கட்டிங், அவன் பினிஷிங். பெண் கேட்டு வருவதற்கு முன்னால் கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்து அவன் சொன்னான்: "ஒரு வருஷம் டைம் குடுங்க மாமா. தனியா வீடு எடுத்துடறேன். எங்க வீட்டுல எடம் பத்தாது, எனக்கே தெரியும்." அதை அப்படியே அக்கா வீட்டில் போய்ச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவள் சம்மதித்தாள். நிக்காஹ் புத்தகத்தில் எழுதவில்லை. நமக்குள்ளே என்ன எழுத்து என்று விட்டுவிட்டோம். விட்டவன் நான்.

முதல் அமர்வில் ஹஜ்ரத் நடுவில். அவருக்கு வலப்பக்கம் பையன் பக்கத்து ஹகம், அவன் தாய்மாமன். டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டி ரிடையரான மனிதர், குரல் இன்னும் டிரம் சத்தத்துக்கு மேலேதான் இருக்கும். இடப்பக்கம் நான். எதிரில் அவனும் அவன் அம்மாவும். இந்தப் பக்கம் அவளும் அக்காவும்.

"ரூம் குடுத்தாச்சு, தாழ்ப்பா இருக்கு. மார்க்கம் சொல்றது அவ்ளோதான்" என்றார் தாய்மாமன். "அதுக்கு மேல தனி வீடுன்னு யாரு வாக்கு குடுத்தது?"

"அவர்தான்" என்றாள் அவள்.

ஹஜ்ரத் அவனைப் பார்த்தார். அவன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு, "அப்படி எதுவும் பேசல ஹஜ்ரத்" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். "எங்க பொண்ணு" என்று ஆரம்பித்ததுதான், ஹஜ்ரத் கையைக் காட்டினார். "நீங்க பொண்ணுக்கு வக்கீல் இல்ல. இந்த இடத்துல உங்களுக்கு அவரும் இவங்களும் ஒண்ணு. கேளுங்க, பேசாதீங்க."

பேசாமல் இருந்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பிரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தேன். இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துத்தான் கேட்க வேண்டும், ஒருவரை மட்டும் தனியாகச் சந்திக்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. எந்தப் பக்கத்து வீட்டிலும் சாப்பிடக் கூடாது. இதெல்லாம் சரி. இந்த விவகாரத்தில் முன்பே சம்பந்தம் இருந்தால் உட்காருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஹகம் தனக்குத் தனியாகத் தெரிந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது, அமர்வில் சொல்லப்பட்டதை வைத்தே செய்ய வேண்டும் என்று ஒரு வரி.

இரண்டையும் நாலு தடவை படித்தேன். ஒன்று, சொல் என்கிறது. இன்னொன்று, தெரிந்ததை வைத்துக்கொள்ளாதே என்கிறது. அப்படியானால் எனக்குத் தெரிந்தது எங்கே போகும்? கேண்டீனில் அவன் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆளைக் கொண்டுபோய் பேசக் கூடாத நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். இல்லை, நானே போய் உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. அவள்தான். எடுத்தால் தப்பு, எடுக்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். என் மனைவி பிடுங்கி, "மாமா குளிக்கிறாரு" என்று சொல்லி வைத்தாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. "இன்னும் குளிக்கிறாருன்னு சொல்லட்டுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைப் பிடித்தேன்.

"ஒரு சந்தேகம் ஹஜ்ரத்."

"கேஸ் சம்பந்தமாவா?"

"ஆமா."

"அப்ப இங்க வேணாம். ரெண்டு பேரு முன்னாடியும் மாடியில கேளுங்க."

"பொதுவா கேட்டா?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "பொதுவா கேளுங்க" என்றார்.

பொதுவாக எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஓர் ஊரில் ஒருவர் என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஒரு கம்பெனி, ஒரு கேண்டீன் என்று போனதும் ஹஜ்ரத் நிறுத்தினார். "பொதுவுல கேண்டீன் வராது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "விஷயத்தை நேர்ல கேட்டவரு சாட்சி சொல்லட்டும். முடிவு பண்றது வேற ஆளா இருக்கட்டும். ரெண்டையும் ஒருத்தரே பண்ணா, தோத்தவங்க அதை ஞாயம்னு ஒத்துக்க மாட்டாங்க."

"வேற ஆளுன்னா?"

"பொண்ணு குடும்பத்துல அடுத்தவரு."

அடுத்தவர் என்றால் அவளுடைய பெரியத்தா, அவள் அப்பாவின் அண்ணன். அவள் அத்தா இறந்த பிறகு அந்தக் குடும்பத்தில் பெரிய மனிதர் அவர்தான். ஆரம்பத்திலிருந்தே அவர் சொல்வது ஒன்றுதான்: "பொண்ணுதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போவணும்."

நான் எழுந்தால் என் நாற்காலியில் அவர் உட்காருவார், அவளை அந்த வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்வார். நான் எழாவிட்டால் அவன் பொய் அப்படியே நிற்கும், நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எது அவளுக்கு நல்லது? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. கட்டிங் டேபிளில் தோலில் ஒரு முள் கீறல் இருந்ததைப் பார்க்காமல் அதன் மேலேயே வெட்டுகிற டையை வைத்து அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இன்னா பாய், கண்ணாடி மாத்தணுமா?" என்றார். பினிஷிங் பக்கம் அவன் தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். யார் யாருக்குப் பயந்தோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாவது அமர்வுக்கு மாடிப்படி ஏறும்வரை முடிவு செய்யவில்லை. உட்காராமல் நின்றேன். "எனக்கு முன்னாடியே சம்பந்தம் இருக்கு ஹஜ்ரத். அதைச் சொல்லாம கையெழுத்துப் போட்டுட்டேன். தாளைப் படிக்கல. படிச்ச மாதிரி தலையாட்டினேன்" என்றேன். பிறகு கேண்டீனில் அவன் சொன்னதைச் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"போன தடவ வாயில இன்னா கொழுக்கட்டையா பாய்?" என்றார் தாய்மாமன்.

"பேசக் கூடாதுன்னு சொன்னாங்க."

"இப்ப மட்டும்?"



ஹஜ்ரத் அவரை அமர்த்தினார். என் பெயரை ஹகம் இடத்தில் அடித்துவிட்டு சாட்சி இடத்தில் எழுதினார். அங்கே வேறு யார் கேட்டார்கள் என்று கேட்டார். யாருமில்லை. "ஒரு சாட்சி பத்தாது" என்றார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அதோடு முடியவில்லை. வாதிக்குச் சாட்சி போதவில்லை என்றால், மறுக்கிறவர் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்து மறுக்க வேண்டுமாம், செய்யாவிட்டால் வாதி சொன்னதுதான் நிற்குமாம். "அப்படிச் சொல்லலைன்னு சத்தியம் பண்றதா இருந்தா பண்ணலாம். நெதானமா யோசிங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார். சாட்சிக்கு அதற்கு மேல் உள்ளே வேலையில்லை. பெரியத்தாவுக்கு ஆள் போனது. அவர் படியேறி என்னைக் கடந்தபோது, "நீ பண்ற வேலையெல்லாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. தாய்மாமன் ஒருமுறை தண்ணி குடிக்க வந்தார்.

"இன்னா ஆச்சு பாய்?" என்று கேட்டேன்.

"இப்ப நீங்க வெளி ஆளு" என்று சொல்லி, தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். விதிப்படி அவர் செய்தது சரிதான்.

கடைசியில் கதவு திறந்து முதலில் வந்தது அவன். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "போன தடவையே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் மாமா. அம்மா முன்னாடி என்னால முடியல." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டான்.

முதல் அமர்வில் அவன் என்னைப் பார்த்தது மிரட்டுவதற்கு என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு அவள் வந்தாள். அவன் சத்தியம் செய்யவில்லை என்றாள். கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டானாம். வாக்கு கொடுத்ததாக ஹஜ்ரத் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்துக்குள் தனி வீடு, இல்லையென்றால் குலா என்று இரண்டு ஹகமும் கையெழுத்துப் போட்டார்கள். அட்ஜஸ்ட் பண்ணிப் போ என்று சொன்ன பெரியத்தாவும்தான். "பையன் சத்தியத்துக்குப் பயந்தவன், அவனோட இருக்கலாம்னாரு" என்றாள். அவரைப் பற்றி ஒரு வாரம் நான் நினைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"போன தடவ ஏன் மாமா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

தாளில் இருந்த இரண்டு வரிகளையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எனக்குப் புரியல" என்றாள். எனக்கும் புரியவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் ஒன்று முடிந்துவிட்டது. போன வாரம் கேண்டீனில் அவனே என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட ஒரு வீடு பாத்திருக்கேன் மாமா. அவளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருதபா வந்து பாருங்க."

போகலாமா? நான் இப்போது ஹகம் இல்லை. ஆனால் சாட்சி. நாளைக்கு வீட்டுக்காரர் ஒன்று சொல்லி இவன் ஒன்று சொன்னால் மறுபடி நான்தான் ஒற்றை ஆளாக நிற்பேன். தட்டில் சோறு ஆறும்வரை யோசித்தேன்.

"உங்க தாய்மாமனையும் கூட்டிக்கிட்டு வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "வீடு பாக்கறதுக்கு நான் எதுக்கு பாய்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"ரெண்டு பேரா இருக்கட்டும்" என்றேன்.

அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எங்க ரெண்டு பேரு முன்னாடியும் சொல்லுங்க, வீடு இவனுக்கு உண்டா இல்லையா?" என்றார்.

உண்டு என்று வீட்டுக்காரர் சொன்னார். இருவரும் கேட்டோம். அவளை அவன் இன்னும் கூட்டிப் போய்க் காட்டவில்லை.