முழங்கால் போட்டது அவள் மட்டும்

என் தங்கச்சி பிள்ளைகளே, கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கசப்பை மறைத்து எழுதினால் அது பொய்ச் சாட்சி.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் எனக்கு வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆள் குள்ளம், மீசையும் சரியாக முளைக்கவில்லை. “ஏலே, ஸ்டூல் போட்டு ஏறித் தாலி கட்டுலே” என்று கல்யாணத்தன்றே சிரித்தார்கள்.

என் மனைவி எஸ்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வருசங்கள் ஓடின, பிள்ளை இல்லை. எங்கள் சபையில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று பிள்ளையில்லாத பெண்களை முன்னால் கூப்பிட்டு, முழங்கால் போடச் சொல்லி, தலையில் எண்ணெய் வைத்து ஜெபிப்பார்கள். புருசன்மார் நாங்கள் பாயில் உட்கார்ந்து ஆமென் சொல்லுவோம். வருசா வருசம் எஸ்தர் போனாள். பச்சைப் பிள்ளையை அவள் கையில் கொடுக்கவே யோசிப்பார்கள். வீட்டுக்கு வந்து சத்தம் வராமல் அழுவாள்.

டாக்டரம்மா அவளைச் சோதித்து, “உங்களுக்குக் குறை இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். என் அம்மா விடவில்லை. “எம் மவன் எதுக்கு வரணும்? ஏட்டி, உனக்குத்தான் விசுவாசம் பத்தலை.”

அடுத்த பண்டிகையில் கூப்பிட்டபோது எஸ்தர் முன்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று சொன்னாள்: “பாஸ்டரய்யா, எனக்காக எம்புட்டோ ஜெபம் பண்ணிட்டீங்க. இனிமே பிள்ளை கேக்க வேண்டாம், உண்மையைக் காட்டும்னு கேளுங்க. இவியளையும் முழங்கால் போடச் சொல்லுங்க.”

சபையே என்னைப் பார்த்தது. போய் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

அந்த வாரமே என்னைச் சோதித்தார்கள். விந்தணு மிகவும் குறைவு, இருந்ததற்கும் ஓட்டமில்லை. ரத்தம் சோதித்து, தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார்: “மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பை வளரச் சொல்ற ஹார்மோன் அங்கதான் சுரக்குது. விந்தணு உண்டாகச் சொல்ற ஹார்மோனும் அங்கதான். உங்களுக்கு ரெண்டும் பத்தலை. சின்ன வயசுல வளரலையேன்னு யார்கிட்டயும் காட்டலையா?”

“எல்லார்கிட்டயும் காட்டினாங்க டாக்டர். சிரிக்கதுக்கு.”

குறைகிற ஹார்மோனை ஊசியாகப் போடுகிற வைத்தியம் எல்லாருக்கும் பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஊசி. எஸ்தரே போடப் பழகிக்கொண்டாள். ஜெபித்துவிட்டுத்தான் குத்துவாள். கர்த்தர் இரங்கினார். மகள் பிறந்தாள்.

அம்மா பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு, “பாத்தியா, எண்ணெய் வீண் போகலை” என்றாள். செய்ததற்கு ஒரு வருத்தமும் இல்லை.

“ஆமா அத்தை. எண்ணெயை என் தலையில வச்சாங்க, ஊசியை உங்க மவனுக்குப் போட்டேன்” என்றாள் எஸ்தர்.

போன பண்டிகையிலும் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். “அய்யா, புருசன்மாரையும் கூப்பிடுங்க.” போலீஸில் இருக்கிற ஒரு தம்பி, நல்ல உயரம், எழுந்துபோய்த் தன் மனைவி பக்கத்தில் முழங்கால் போட்டான். மற்றவர்கள் ஆமென் சொல்ல உட்கார்ந்தே இருந்தார்கள்.

பிள்ளைகளே, நான் பிள்ளை கேட்டேன். உங்கள் எஸ்தர் அத்தை உண்மையைக் கேட்டாள். ஆண்டவர் அவளுக்குத்தான் முதலில் பதில் கொடுத்தார். நீங்களும் அவரை நம்புங்கள். நாளைக்கு உங்களுக்கும் குடும்பம் வரும். ஒரு வேதனை வந்தால் வீட்டுப் பெண்ணைத் தனியாக முழங்காலுக்கு அனுப்பாதீர்கள்.