நர்ஸம்மாவின் பாறை வண்டி

செய்தி வந்தபோது என் கைப்பேசித் திரையில் ‘கேஸ் ஏஜென்சி’ என்று தெரிந்தது. ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மாணவர்கள் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவதைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தேன். கூட்டம் முடிந்து வராந்தாவின் கோடிக்குப் போய் நானே அழைத்தபோது பேசியவர் அந்த எண்ணுக்குரிய மாதம்மாள் அல்ல, அவருடைய கணவர் பெருமாள். “அது போயிருச்சுங்க சார். காலையில காப்பி வெச்சிக்கிட்டிருந்துச்சு. அப்படியே சாஞ்சிருச்சு” என்றார்.

மாதம்மாள் வத்தல்மலை ஊர்களுக்குப் பல வருடங்கள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். மலையில் அவரை நர்ஸம்மா என்று கூப்பிட்டவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்து ஓடையில் எங்களோடு வண்டி ஓட்டிய நாலைந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். அவர் அழைத்தால் வண்டியைப் பற்றித்தான் பேசுவார். அது பள்ளியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் பெயரை அப்படி மாற்றிப் பதிந்து வைத்திருந்தேன். ஒரு மனுஷிக்கு நான் கொடுத்திருந்த மரியாதை அவ்வளவுதான்.

வண்டி என்றால் முழங்கை நீளமுள்ள ரிமோட் ஜீப். கிராலர் என்பார்கள். வேகமாக ஓடுவது அதன் வேலை இல்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றி, செங்குத்தான பாறையில் பிடித்துப் பிடித்து, நடைபழகும் குழந்தையைவிட மெதுவாக ஏறும். ஐம்பதைத் தாண்டிய ஒரு ஹெச்.எம். இதற்காகப் பாறையில் மண்டி போட்டுக் கிடக்கிறான் என்று வெளியே சொல்ல முடியுமா? வண்டியை அரிசிப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தித்தான் ஓடைக்கு எடுத்துப் போவேன்.

நாங்கள் அறிமுகமானதும் இந்த ஒளிவுமறைவால்தான். ஒருநாள் மலைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர், ஓடையில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நான் குனிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். மயங்கி விழுந்த ஆள் என்று நினைத்து, மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். நான் அவசரமாக வண்டியைத் துண்டுக்குள் சுருட்டினேன். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டதால் துண்டு தானாக நகர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. துண்டை விலக்கிப் பார்த்தார். “எங்க, அதக் குடுங்க சார்” என்று ரிமோட்டை வாங்கினார். நான் அரை மணி நேரமாக மோதிக்கொண்டிருந்த பாறையில், விசையை லேசாக, விட்டுவிட்டு அழுத்தி ஏற்றிவிட்டார். பிறகு தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அடுத்த மாதச் சம்பளத்தில் அவரும் ஒரு வண்டி வாங்கினார்.

வாங்கியபடியே வண்டியை வைத்திருப்பது அவருக்குப் பிடிக்காது. செங்குத்தில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி பின்னால் கவிழ்வது எங்கள் எல்லோருக்கும் இருந்த தொல்லை. முன் சக்கரத்தில் எடை கூட்டவேண்டும் என்பது தெரியும். அதற்கென்றே விற்கும் பித்தளை வளையங்களின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவரிடம் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஒரு கைப்பிடி வாங்கிவந்து, முன் சக்கரங்களுக்குள் வரிசையாக ஒட்டிவிட்டார். தண்ணீர் பட்டு ரிசீவர் கெட்டுப்போகாமல் இருக்க, மெடிக்கல் கடையில் வாங்கிய கையுறையின் விரலை வெட்டி அதற்கு உறையாக மாட்டினார். அது சர்க்கார் கையுறை இல்லை என்று நாங்கள் கேட்காமலேயே எங்களிடம் சொல்லிக்கொண்டார். வண்டிக்குப் போடும் லித்தியம் பேட்டரி சூடுபட்டால் வெடிக்கும் என்று நான் ஒருமுறை சொன்னதிலிருந்து, ஓட்டி முடித்ததும் அதைக் கழற்றி, கொல்லையில் மணல் நிரப்பிய சட்டியில்தான் வைப்பார்.

வண்டி பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால் சட்டென்று போய்க் கையால் எடுத்துவிடுவது என் வழக்கம். அவர் விடமாட்டார். “கைய வெச்சீங்கன்னா அது ஏறுனதா ஆவாதுங்க, நீங்க ஏத்துனதுதான்” என்பார். பின்னால் எடு, சக்கரத்தைத் திருப்பு, வேறு வழி பார். ஒரு பாறைக்கு அவர் காலை முழுதும் எடுத்துக்கொண்டதுண்டு. பெருமாள் சோற்றுத்தூக்கோடு வந்து நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி உச்சியைத் தொட்டதும் அவர்தான் முதலில் கை தட்டுவார்.

ஒருமுறை என் பள்ளி மாணவன் ஒருவனுடைய தகப்பனார் மாடு தேடிக்கொண்டு ஓடைப்பக்கம் வந்துவிட்டார். அவர் தலை தெரிந்த மாத்திரத்தில் என் ரிமோட்டை நர்ஸம்மா கையில் திணித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு வண்டியும் உங்களுடையதா என்று அவர் கேட்டதற்கு, ஆமாம் என்றார் நர்ஸம்மா. அவர் போனதும், “ரெண்டு கையில ரெண்டு ரிமோட்டு புடிச்சி ஓட்ட நான் என்ன காளியாத்தாவா சார்?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் தோன்றியது.

நர்ஸம்மாவுக்கும் பெருமாளுக்கும் குழந்தை இல்லை. விறகு சுமந்து வந்த பெண் ஒருத்தி ஓடையில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லாத குறைக்கு நர்ஸம்மா பொம்மைக் கார் ஓட்டுகிறார் என்று அவர் காதுபடவே சொன்னாள். அவள் தாயின் பிரசவத்தையே பார்த்தவர் நர்ஸம்மா. கோபப்படவில்லை. ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “புள்ள இல்லேன்னு ஓட்டல கண்ணு. ஓட்டறதுக்கு நல்லா இருக்குது, ஓட்டறேன்” என்றார். அதே பேச்சைச் சொந்தக்காரர்களிடமும் பலமுறை கேட்டு, அதே பதிலைச் சொல்லிச் சலித்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

சாவு வீடு இண்டூருக்குப் பக்கத்தில். நான் போனபோது பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் சிலரும் இருந்தார்கள். மாதம்மாளின் அண்ணன் என்னை வரவேற்று, தங்கச்சியை எப்படிப் பழக்கம் என்று கேட்டார். “ஸ்கூலுக்குத் தடுப்பூசி போட வருவாங்க” என்றேன். என் பள்ளி அவருடைய எல்லையிலேயே வராது. பக்கத்தில் நின்ற பெருமாள் அதைக் கேட்டார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பாடையைத் தூக்கும் முன் பெருமாள் உள்ளே போய் மாதம்மாளுடைய வண்டியைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்தார். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. குனிந்து வைத்தபோது வண்டியின் மேல்கூடு லேசாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே நீல நிறத்தில் பேட்டரி இருப்பதைப் பார்த்தேன். அதைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். கழற்ற நானே கை நீட்டியிருக்கலாம், அதைக் கட்டிய பட்டை எந்தப் பக்கம் அவிழும் என்று எனக்குத் தெரியும். தடுப்பூசிக் கதை சொன்ன ஹெச்.எம்முக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழியில் மேளச் சத்தம். சுடுகாட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே வண்டியையும் அவரோடு சிதையில் வைத்தபோது என் பக்கத்தில் நின்றவர், மாடு தேடி வந்த அதே தகப்பனார்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். பம்புசெட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வெடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். சிதையிலிருந்து வெள்ளையாக ஒரு சுடர் சீறியது. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோலைப் போட்டுவிட்டுப் பின்னால் விழுந்தார். அவருக்கு அடி எதுவும் இல்லை. பிறகு அண்ணன்தான் சொன்னார், ஏதோ ஆசை நிற்கிறது என்று. என்ன ஆசை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருமாள் ஈரக்கையோடு நின்று, வண்டியில பேட்டரி இருந்துச்சுங்க, அதுதான் என்றார். “பொம்மக் காரு பேட்டரி இப்படியா வெடிக்கும் மாப்ள?” என்றார் அண்ணன். பெருமாள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, நனையாத வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

கருமாதிக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனேன். போய்ச் சேர்வதற்குள் ஒரு காரியம் முடிந்திருந்தது. தங்கச்சியின் ஆன்மா பிள்ளை ஆசையோடு அலையக் கூடாது என்று, பென்னாகரம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில், மரப்பாச்சி போட்ட தொட்டில் ஒன்றைக் காலையிலேயே கட்டிவிட்டு வந்திருந்தார் அண்ணன். பெருமாள் கையால்தான் கட்ட வைத்தார்களாம். பந்தியில் அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்றேன். இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறவன் நான்.

“அது பேட்டரிதாங்க. நெருப்புல போட்டா அப்படித்தான் வெடிக்கும். நானும் அந்த வண்டி ஓட்டறவன். நர்ஸம்மாவும் நானும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஓட்டுவோம். அவங்களுக்கு அந்த ஏக்கமெல்லாம் கெடையாதுங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் இத்தனை வருடம் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அந்தத் தகப்பனார் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அப்படீங்களா சார். மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. சரி வுடுங்க, கட்டியாச்சு” என்றார்.

பெருமாள் என்னை வெளியே அழைத்துப் போனார். வழக்கமாகக் கழற்றி வைக்கும் பேட்டரி அன்று வண்டிக்குள் எப்படி இருந்தது என்று அவரே சொன்னார். “நாந்தாங்க சார் சார்ஜ் போட்டு மாட்டுனேன். போற எடத்துல ஓட்டட்டுமேன்னு. வெடிக்கும்னு அது சொல்லியிருக்குது, அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரல.” பிறகு குரல் உயராமல் இன்னொன்றும் சொன்னார். “நான் சொன்னா பொண்டாட்டிக்குப் பரிஞ்சிக்கிட்டுப் பேசறேம்பாங்க. நீங்க ஹெச்.எம்மு. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்க சார்.”

எந்த மரியாதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அந்த மரியாதையைத்தான் அவர் அன்று என்னிடம் எதிர்பார்த்து நின்றிருக்கிறார். தொட்டிலை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். அம்மனுக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாதுங்க என்றார். அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும் என்பதால் அழாமல் இருந்தேன்.

மாதம்மாளை அறிந்தவர்களே, பென்னாகரம் சாலையில் போகும்போது அந்த வேப்பமரத்தைப் பார்ப்பீர்கள். மஞ்சள் துணியில் தொங்குவது அவருடைய ஏக்கம் என்று யாராவது சொன்னால், இல்லை என்று உடனே, அந்த இடத்திலேயே சொல்லுங்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். வண்டி அவரோடு எரிந்துவிட்டது. அவர் நினைவாக எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் ஒருநாளும் கேட்காத அந்தத் தொட்டில்தான்.