கொம்பில் தொங்கிய கார்டு

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் தென்றல் பல வருடமாக வேலை பார்க்கிறாள். இன்னும் காண்ட்ராக்ட்தான். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு அவள் பிறந்த வீட்டில் எல்லோருமே ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறவர்கள். புருஷன் லோகேஷ் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

தென்றலுக்குப் படம் வரும். பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியவள். இப்போது வரைவதெல்லாம் தெருப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில்தான். பக்கத்து வீட்டு மெர்சி, தெருக்கோடியில் இருக்கும் சின்ன சபையில் ஞாயிறு வகுப்பு எடுப்பவள். கேக்குக்காக எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார்கள்.

"அதுங்க வுழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு படக்கதை போட்டுக் குடுக்கா. ஆட்டுக்குட்டி, நட்சத்திரம்லாம் போன வருஷமே ஆயிடுச்சு" என்று கேட்டாள் மெர்சி.

தென்றல் வரைந்தாள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைக் கம்பெனி. குள்ளர்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரே ஒரு கார்டுதான். அதைத் தாத்தா மானின் கொம்பில் மாட்டிவிட்டார். மான் ஓடுகிறது, குள்ளர்கள் காலை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார்கள். "முதல்ல டார்கெட், அப்புறம் பாத்ரூம்" என்கிறார் தாத்தா. கிறிஸ்துமஸ் ராத்திரி வீட்டுக்கு வீடு பாயசம் குடித்துவிட்டு அவருக்கே முட்டிக்கொண்டு வருகிறது. மான் இழுக்கும் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். மான் திரும்பிப் பார்த்து, "கார்டு எங்க?" என்று கேட்கிறது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். தண்ணீர், பாத்ரூம், பண்டிகைக்கு லீவு, இதெல்லாம் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை என்று தாத்தா ஒப்புக்கொள்கிறார்.

கற்பனை அதிகம் இல்லை. தென்றல் வயர் கட்டும் லைனிலும் ஒரே ஒரு சிவப்பு கார்டுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும். அதற்காகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சுபஸ்ரீ என்ற பெண் நீர்க்கடுப்பு வந்து லீவு போட்டாள். ஏன் வந்தது என்று வாட்ஸப் குரூப்பில் எழுதினாள். மறுநாள் அவளைக் கேட்டுக்குள் விடவில்லை.

ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த புத்தகங்களைச் சபையில் பிள்ளைகளுக்குக் கொடுத்து மெர்சி உரக்கப் படித்தாள். சிரிப்பில் கூடமே அதிர்ந்தது; பின்வரிசையில் தென்றலும் இருந்தாள். அப்போது ஒரு சிறுமி படத்தில் விரல் வைத்துக் கத்தினாள்: "ஐ! எங்கப்பா!"

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் தாத்தா.

"உங்கப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள் தென்றல்.

"ராஜசேகர். கம்பெனில சூப்பர்வைசர்."

தென்றலின் சூப்பர்வைசரேதான். பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருப்பது அவளுக்குத் தெரியாது. வேண்டுமென்றே வரையவில்லை, தினமும் பார்க்கிற முகம் கையில் வந்துவிட்டது. சுற்றிலும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அவள் காதுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"சும்மா இருந்திருக்கலாமில்ல நீ? பொங்கலுக்கு முன்னாடி காண்ட்ராக்ட் முடியுது" என்றான் லோகேஷ். அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான்.

விடிந்ததும் கம்பெனி பஸ் வருவதற்குள் வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள். "கிழிஞ்சுபோச்சு ஆன்ட்டி" என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டன பிள்ளைகள். ராஜசேகரின் மகள் ப்ரீதியின் வீட்டு வாசல்வரை போய், கதவைத் தட்டத் தைரியம் வராமல் திரும்பினாள்.

லைனில் ராஜசேகர் அவளைப் பார்க்கவே இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பின்னால் வந்து நின்று, "ஷிப்ட் முடிஞ்சதும் ஸ்டோராண்ட வா" என்றார். தென்றல் மஞ்சள் வயரைப் பச்சை வயருக்கான துளைக்குள் சொருகினாள். பக்கத்தில் இருந்த ஜோதி சத்தமில்லாமல் அதைப் பிடுங்கிச் சரியாகப் போட்டாள்.

ஸ்டோர் அருகே யாருமில்லை. ராஜசேகர் சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"இது நானா?"

பொய் சொல்ல நினைத்தாள். "ஆமா சார்."

"எம்பொண்ணு நேத்துலேர்ந்து பாத்ரூம் கதவாண்ட நின்னுகினு, 'கார்டு எங்கப்பா'ன்னு கேக்குது. என் பொண்டாட்டி சிரிக்கிறா." அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எச்ஆர் கைக்குப் போச்சுன்னா உன்ன மட்டுமில்ல, என்னையும் தூக்கிடுவான். கார்டு ரூல் நானா போட்டேன்? மேல சொன்னான், மாட்டினேன். எனக்கும்தான் சுகர். நான் எத்தினி வாட்டி போறேன்னு ஒருத்தன் எண்ணிகினு கீறான், தெரியுமா?"

அவரும் பயந்துபோயிருப்பது அப்போதுதான் தென்றலுக்குப் புரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இவரே பயப்படுகிறார் என்றால் நாம் எந்த மூலைக்கு என்றுதான் தோன்றியது.

"இன்னும் யார்கிட்டலாம் கீது?"

"பசங்ககிட்ட கீது சார். குடுக்க மாட்டேங்குதுங்க. இத வேணா நீங்களே கிழிச்சிடுங்க."

அவர் கிழிக்கப் போனார். பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "வூட்ல பொண்ணு தேடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பொங்கல்வரை ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் தென்றல் திடுக்கிட்டாள். காண்ட்ராக்டை நீட்டித்தார்கள், ஆனால் லைனில் இல்லை. நாள் முழுக்க நிற்க வேண்டிய பேக்கிங்குக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறைதான் என்றான் லோகேஷ். அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

அதே வாரம் பழைய லைனில் இன்னொரு சிவப்பு கார்டு தொங்கியது. ஒரே கார்டால் பெண்களுக்கு உடம்புக்கு வந்து, லீவு அதிகமாகி டார்கெட் அடிபடுகிறது என்று ராஜசேகர் மீட்டிங்கில் பேசினாராம். ஜோதி வந்து சொல்லிவிட்டு, "இப்ப தண்ணி குடிக்கிறோம்க்கா" என்றாள்.

ஒரு சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி பராங்குசம், "ஏம்மா, நில்லு" என்று அவள் பையைப் பிடித்தார். தென்றலுக்கு உயிரே போய்விட்டது. டிபன் பாக்ஸை ஒப்புக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு அவர் குனிந்து கேட்டார்: "அந்த மான் புக்கு நீதான் போட்டியாமே? எங்கூட்டுப் பசங்களுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

"எந்த புக்குண்ணா? எனக்குத் தெரியாதே" என்றாள் தென்றல்.

பஸ் ஏறி உட்கார்ந்து, வண்டி தொழிற்பேட்டையைத் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிறகு மெர்சிக்குப் போன் செய்து, ஜெராக்ஸுக்குக் கொடுத்த ஒரிஜினல் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டாள்.