பட்டியலில் இல்லாத எக்ஸ்டென்ஷன்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியோடு டிசைன் துணியும் நெய்யும் மில் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எந்த ஃபைலை யார், எப்போது, எப்படி மாற்றினார்கள் என்பதையெல்லாம் சேமித்துவைக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவினோம். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து, எந்த ஃபைலை வெறும் எழுத்தாகக் கருதுவது, எதைத் தொடாமல் வைப்பது என்று பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது. எழுத்து என்று குறித்தால், ஒவ்வொரு வரியின் முடிவையும் மென்பொருள் தன் வழக்கப்படி மாற்றிவிடும். கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது. தறிக்குப் போகும் டிசைன் ஃபைல் கெட்டுவிடும்.

பட்டியலில் இல்லாத எக்ஸ்டென்ஷன் வந்தால்? தொடாமல் வைப்போம் என்றேன். மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

“பட்டியல்ல இல்லாத எல்லாத்தையும் எழுத்துன்னே போடும்மா. அப்பத்தான் எது மாறிருக்குன்னு பாக்க முடியும்.”

“தறி டிசைன் எம்புட்டு வகையில இருக்குன்னு நமக்கே தெரியாது, சார்.”

“போடச் சொன்னா போடு.”

போட்டேன். ஃபைல்கள் எல்லாம் ஏறியதும் பழைய கம்ப்யூட்டர்களில் இருந்ததை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

சில மாதம் கழித்து, சேத்தூரிலிருந்து வரும் டிசைனர் அக்கா தன் பழைய டிசைன் ஒன்றைத் தறியில் ஏற்றினார். தறி ஏற்கவில்லை. அடுத்ததையும் ஏற்கவில்லை. அவர் மட்டுமே பயன்படுத்திய ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் என் பட்டியலில் இல்லை. ஏறும்போதே மாறிவிட்டதால் மென்பொருளிலும் பழைய வடிவம் இல்லை; எங்கே என்ன மாறியது என்று கண்டுபிடித்துத் திருத்தவும் வழியில்லை. பல வருட உழைப்பு போய்விட்டது.

விசாரணையில் மேலாளர் பட்டியலின் வரலாற்றைத் திரையில் திறந்தார். எல்லாவற்றையும் எழுத்தாகக் கருதச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

“நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?”

“நான் சொன்னது இதுல எங்கம்மா இருக்கு?”

வெளியே வந்ததும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

“அப்ப கெட்டுப்போகும்னு ஒனக்கு முன்னாடியே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா பென்டிரைவ்ல போட்டு வச்சிருப்பேன்லா, ஏட்டி?”

மேலாளரிடம் தோற்ற ஆத்திரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலையே பட்டியலைத் திருத்தினேன். யாரும் தடுக்கவில்லை. அக்கா முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். உதவட்டுமா என்று கேட்டேன்.

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செத்த தள்ளி இரு.”

மத்தியானம் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவது அத்தோடு நின்றது. மேலாளர் இப்போது பொது மேலாளர்.