தெர்சா பிடித்த பெரிய மணி

தெர்சா பாரக்ளஃப் பதினைந்து வயதில் கம்பளி ஆலைக்குள் போனவள். இருபத்தாறு வருடம் கழித்து ஒரு நவம்பர் சனிக்கிழமை காலையில், கிரிம்ஷா ஊர்த் தேவாலயக் கூடத்தில் நாங்கள் நடத்திய கைமணிப் பயிலரங்குக்கு வந்தாள். அதற்குள் தறிச்சத்தம் அவள் செவியில் பெரும்பங்கைத் தின்றுவிட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பேசுகிறவரின் வாயைப் பார்த்தே பதில் சொல்வாள். ஆலைப் பெண்களுக்கெல்லாம் அது கைவந்த வித்தை. அப்படி உற்றுப் பார்ப்பதால், எதிரே யார் நின்றாலும் அவர்களை ரசித்துக்கொண்டிருப்பவள் போலத் தெரிவாள்.

அவளாக வரவில்லை. அவளுடைய அண்ணி ஆல்மா இழுத்து வந்தாள். ஆல்மாவுக்குச் சின்ன மணிகள் மேல் ஆசை. தெர்சா வாசலருகே கோட்டோடு நின்றாள்.

புதியவர்கள் ஒவ்வொருவரையும் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிறுத்துவது பயிற்சி நடத்திய மிஸ் ஹோல்ராய்டின் வழக்கம். அவர் பள்ளி ஆசிரியை. வாய் திறந்து தெளிவாகப் பேசுவார். கம்பளம் விரித்த நீள மேசையில் மணிகள் வரிசையாகக் கிடந்தன. வலக்கோடியில் இருந்தவை விரல் நீளம். இடக்கோடியில் இருந்தது ஒரு வாளி அளவு. அந்தப் பெரியதை யாரும் தொடவில்லை. தெர்சா கோட்டைக் கழற்றிவிட்டு நேரே அதனிடம் போனாள்.

அதற்குப் பக்கத்து மணிகள் கசாப்புக்கடை ஈனோக் சைக்ஸுடையவை. முப்பது வருடமாக அடிக்கிறவர். புதியவர்கள் என்றாலே அவர் முகம் சுருங்கும்.

"கை வலிக்கும்மா அது. ஆல்மா பக்கத்துல போய் சின்னதா ஒண்ணு எடுத்துக்கோ," என்றார்.

"நாள் முழுக்க நூல்கட்டு தூக்குற கை இது. உங்க ஆட்டுத்தொடையைவிடக் கனமா?"

ஈனோக் தன் மணிகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

ஆளுக்கு ஒன்றிரண்டு மணிதான். மெட்டில் தன் முறை வரும்போது மணிக்கட்டை முன்னால் வீசி மணியை மேல்நோக்கி வட்டமாகக் கொண்டுபோக வேண்டும். ஒலி போதும் என்றால் மார்போடு அணைத்து அடக்க வேண்டும். தெர்சா முதல் முறை வீசி, மார்போடு அணைத்தாள். அணைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் நடு வரிசையில் இரண்டு மணிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக வராத ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல அவள் முகம் இருந்தது.

மத்தியானம் இறைச்சி வைத்துச் சுட்ட அப்பமும் பட்டாணியும் சாப்பிட்டோம். அதற்குள் மூடுபனி இறங்கி ஜன்னல்களை வெள்ளையடித்துவிட்டது. மூன்று மணிக்கே விளக்கு போட்டார்கள். முப்பது பேரும் சேர்ந்து மெதுவான ஒரு பழைய கீர்த்தனை மெட்டை அடிக்க ஆரம்பித்தோம். வெளியே ஊரே இல்லாதது போல இருந்தது. கூடம் மட்டும் எங்கோ மிதந்து போகிறது, மணிகள்தான் அதைத் தள்ளுகின்றன என்று எனக்குத் தோன்றியது.

பாதியில் ஆல்மா இடம் தவறினாள். மிஸ் ஹோல்ராய்ட் கைகளைத் தாழ்த்தினார். எல்லோரும் நிறுத்தினோம்.

பெரிய மணி மட்டும் நிற்கவில்லை. தெர்சா கண்களை மூடியிருந்தாள். பாதத்தால் எண்ணி எண்ணி, அந்த அமைதிக்குள் ஒன்று, நீண்ட இடைவெளி, இன்னொன்று, மறுபடி ஒன்று என்று மூன்று முறை அடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி ஒலி அடங்கியபின் கண்ணைத் திறந்தவள், முப்பது முகங்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். மணியைக் கம்பளத்தில் படுக்க வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

ஈனோக் குறுக்கே போய் நின்றார். "எங்க கிளம்பிட்ட?"

"எனக்குக் காது கேக்காது. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ஒண்ணுமே கேக்காதா?"

"இந்தப் பெருசு நெஞ்சுக்குள்ள கேக்குது. மத்தபடி காலைலேர்ந்து நீங்க எல்லாரும் சும்மா கையை ஆட்டிட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கு."

ஈனோக் சிரித்து நாங்கள் பார்த்ததே அபூர்வம். அன்று தோள் குலுங்கச் சிரித்தார். "நீ தனியா அடிச்ச மூணும் சரியான இடத்துல விழுந்துச்சு. நானும் உள்ளுக்குள்ள எண்ணிட்டுதான் இருந்தேன். கோட்டை வை. என்னை ஒட்டி நில்லு. ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும் முழங்கையால சொல்றேன். நடுவுல நீ எண்ணிக்கோ."

தெர்சா மிஸ் ஹோல்ராய்டின் வாயைப் பார்த்தாள். "நில்லுங்க தெர்சா," என்றது அது.

அப்படி அவர்கள் பத்தொன்பது வருடம் முழங்கை உரச நின்றார்கள். கச்சேரிக்குப் போகிற இடமெல்லாம் ஈனோக்கின் மனைவி மில்லி தேநீர் ஊற்றியபடி, "என் வீட்டுக்காரரோட ரெண்டு கையில ஒண்ணு தெர்சாவுக்குப் போயிடுச்சு," என்பாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து உதட்டைப் படித்துவிட்டு, "இன்னொண்ணு சும்மாதான் தொங்குது மில்லி, நீ எடுத்துக்கோ," என்பாள் தெர்சா.

1981-இல் ஆலையை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்த முதல் குளிர்காலத்தில் அவள் காதுக்கருவி வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் வழக்கமான செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில்தான் ஆல்மாவின் சின்ன மணிகளை முதல்முறையாகக் கேட்டாள். முகம் கோணியது.

"அண்ணி, ஸ்பூனைக் கீழ போட்ட மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் இப்படி உருகின?"

ஆல்மா ஒரு வாரம் பேசவில்லை. தெர்சா கருவியைக் கழற்றி ஸ்வெட்டர் பையில் போட்டாள். கடைக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வாள்.

ஈனோக்கின் தோள்மூட்டு தேய்ந்து அவர் மணி அடிப்பதை விட்டபோது, அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நான் முழங்கையால் தப்பான நேரத்தில் இடிப்பேன். அவள் அதைக் கவனிக்காமல் தன் எண்ணிக்கைப்படியே அடிப்பாள், அதுதான் சரியாகவும் இருக்கும். சில மாதம் கழித்து ஒரு நாள், பயிற்சி இடைவேளையில் கூடத்து வாசலில் நின்றபோது கேட்டேன், கண்ணை மூடினால் உனக்கு என்ன தெரியும் என்று.

அவள் என் வாயிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஆத்துல காலை விட்டுட்டு உக்காந்திருக்கேன். தண்ணி கீழ எங்கயோ போய் முட்டிட்டுத் திரும்பி வருது. என்னை யாரும் தேடல. அவ்வளவுதான்," என்றாள். பிறகு, டீ ஆறிவிடும் என்று என்னை விட்டுவிட்டு உள்ளே போனாள்.