என் சட்டை தொங்கிய வேப்பமரம்

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் இறங்கி, வெள்ளாமை அடியோடு போன பிறகுதான் நிலத்தை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டேன். என்ன காட்சி என்று கேட்கத் தோன்றவில்லை.

நொடித்துப்போன விவசாயி வேப்பமரத்தில் தூக்கில் தொங்கும் காட்சி. நடிகருக்கு என் அழுக்குச் சட்டையையே வாங்கி மாட்டியிருந்தார்கள். எருமைக்குத் தீவனம் போட வந்த என் மனைவி அதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"கட்! யாரும்மா அது? வெளிய போ!" என்று சொந்தத் தோட்டத்திலிருந்தே அவளை விரட்டினான் டைரக்டர்.

காட்சி முடிந்ததும் நடிகரை இறக்கி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள். செத்ததாக நடித்தவர் சிரித்தால்தான் தோஷம் கழியுமாம். வெளியே நின்றிருந்த மனைவி திரும்பி வந்து நேரே கேமரா முன்னால் நின்றாள்.

"சட்டை எங்க ஊட்டுக்காரருதுங்க. அவரையும் சிரிக்க வெச்சுப் படம் புடிங்க. இல்லீன்னா ஒரு வண்டி வெளிய போகாதுங்க."

டைரக்டர் பல்லைக் கடித்தபடி கேமராவை என் பக்கம் திருப்பினான். "சிரிய்யா, ஃபிலிம் ஓடுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கிளை ஆள் பாரம் தாங்கும் என்று காலையில் அவர்கள் கேட்டபோது, யோசிக்காமல் கைகாட்டியவன் நான். அது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

"சிரிங்க" என்றாள், மிரட்டலாக.

சிரித்தேன். அன்று சாயங்காலமே அந்தக் கிளையை வெட்டச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.