தேவிகுளம் கோர்ட்டில் நான் சொன்ன சாட்சி

தேயிலை எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்து வீட்டுக்காரன், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தன் மனைவியை வெட்டியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நரம்பு அறுந்து அவளுடைய வலது கை விரல்கள் மடங்காமல் போயின; இனி கொழுந்து கிள்ள முடியாது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துச் சமாதானமாகிவிடச் சொன்னார் கங்காணி. எங்கள் எஸ்டேட்டில் எந்தச் சண்டையும் அப்படித்தான் தீரும். அவள் சம்மதிக்கவில்லை, வழக்கு நடந்தது.

“கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு உனக்கெதுக்குளா கோர்ட்டு? நாளைக்கு அவன் வெளிய வந்தா இங்கதான வருவான்” என்றார் மாமியார். எனக்கும் அதே பயம். ஆனாலும் போனேன்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் பிள்ளை வீறிட்டான். இதையே சாக்காக வைத்து இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். தன் சாட்சியைச் சொல்லி முடித்து உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்து, இடது கையால் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நீ சொல்லு மதினி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பிறகு வந்த தீர்ப்பில் அவள் புருஷனுக்கு மூன்று வருடம் சிறை கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்று திரும்பும்போது பஸ்ஸில் அவள் எனக்கு நன்றி சொன்னாள். நான்தான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.